17 லட்சத்து 60 ஆயிரம்: ஒரு புகழின் வரவு செலவு

2000-ஆம் ஆண்டு மே 23, செவ்வாய்க்கிழமை. எமினெம் என்ற ராப் பாடகரின் புதிய ஆல்பம் அமெரிக்க இசைக் கடைகளுக்கு வந்தது. பெயர் 'தி மார்ஷல் மாத்தர்ஸ் எல்பி'. முதல் வாரத்தில் விற்றவை 17 லட்சத்து 60 ஆயிரம் பிரதிகள். அந்த வாரத்தின் 7 நாளும் 24 மணி நேரமும் கடைகள் திறந்தே இருந்ததாக வைத்துக்கொண்டால்கூட நிமிடத்துக்கு 174 பிரதிகள் என்று கணக்கு வருகிறது. இதே மனிதரின் முதல் ஆல்பமான 'இன்ஃபினிட்' 1996 நவம்பரில் வந்தபோது அச்சிட்டதே ஏறத்தாழ 1,000 பிரதிகள்தான். அவற்றையும் டெட்ராய்ட் நகரத் தெருக்களில் காரில் வைத்து, கையோடு கையாக விற்க வேண்டியிருந்தது. 2000 மே மாத வேகத்தில் அந்த ஆயிரம் பிரதிகள் 6 நிமிடத்துக்குள் தீர்ந்துபோயிருக்கும்.

மூன்றரை ஆண்டுகளில் ஒருவரின் பெயர் 1,760 மடங்கு பெருகினால் அவருக்கு என்ன ஆகும், அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? அந்த ஆல்பத்தின் பொருளே இதுதான். திடீரென்று வந்த புகழைத் தாங்க முடியாமல் திணறும் ஒருவர், அந்தத் திணறலையே பாட்டாக்கினார். பாட்டின் தரத்தை எண்களால் எடைபோட முடியாது. ஆனால் புகழ் யாருக்கு என்ன கொடுத்தது, யாரிடமிருந்து என்ன வாங்கியது என்பதற்கு எண்கள் கிடைக்கின்றன. அவற்றை வரவு, செலவு என்று பிரித்து எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வரவு ஒரு வாரத்தில் வந்தது. செலவு பல ஆண்டுகள் ஓடியது. அந்தச் செலவில் கணிசமான பங்கு, பாடாதவர்களின் தலையில் விழுந்தது.

தொடக்க இருப்பு

மார்ஷல் புரூஸ் மாத்தர்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட எமினெம் 1972 அக்டோபர் 17 அன்று மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயோடு வீடு வீடாக, ஊர் ஊராக மாறி, கடைசியில் டெட்ராய்ட் பகுதியில் நிலைத்தார். 9-ஆம் வகுப்பிலேயே 3 ஆண்டுகள் கழிந்தன. 17 வயதில் பள்ளியை விட்டார். பிறகு ஓர் உணவகத்தில் சமையல் வேலை, பாத்திரம் கழுவும் வேலை, குறைந்தபட்சக் கூலி.

1997 செப்டம்பரில் அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5 டாலர் 15 சென்ட். வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் ஒரு நாள்கூட விடுப்பெடுக்காமல் உழைத்தால் ஆண்டு வருமானம் 10,712 டாலர். அவருக்கு 1995 டிசம்பரிலேயே மகள் பிறந்துவிட்டாள். 'இன்ஃபினிட்' எடுபடவில்லை. 1997-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த 'ராப் ஒலிம்பிக்ஸ்' போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

ஆனால் அந்தப் பயணத்தில் கைமாறிய அவருடைய பாட்டுப் பதிவு இண்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தின் தலைவர் ஜிம்மி அயோவினிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை ராப் இசைத் தயாரிப்பாளர் டாக்டர் டிரேவுக்குப் போட்டுக் காட்டினார். 1998-இல் ஒப்பந்தம் ஆயிற்று. 1999 பிப்ரவரி 23 அன்று வெளியான 'தி ஸ்லிம் ஷேடி எல்பி' முதல் வாரத்தில் 2 லட்சத்து 83 ஆயிரம் பிரதிகள் விற்று, பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது.

அந்த ஆல்பத்துக்கும் 'மார்ஷல் மாத்தர்ஸ்' ஆல்பத்துக்கும் நடுவே 15 மாதங்கள். நாம் கணக்குப் பார்க்கும் புகழ் முளைத்ததும் முற்றியதும் அந்த 15 மாதங்களில்தான்.

வரவு

முதலில் விற்பனை.

2000 மே 16 அன்று வெளியான பிரிட்னி ஸ்பியர்ஸின் ஆல்பம் முதல் வாரத்தில் 13 லட்சத்து 19 ஆயிரம் பிரதிகள் விற்றது. தனிப் பாடகர் ஒருவரின் முதல் வார விற்பனையில் அது புதிய சாதனை. சாதனையின் ஆயுள் ஒரே வாரம். ராப் இசையில் மட்டும் பார்த்தால், 1993-இல் ஸ்னூப் டாகின் 'டாகிஸ்டைல்' விற்ற 8 லட்சம்தான் அதுவரை உச்சம். எமினெம் அதன் இரு மடங்கைத் தாண்டினார். அவருக்கு மேலே இருந்தது அதே ஆண்டு மார்ச்சில் 'என்சிங்க்' குழு ஒரே வாரத்தில் விற்ற 24 லட்சம் மட்டுமே.

இரண்டாம் வாரம் 8 லட்சம், மூன்றாம் வாரம் 5 லட்சத்து 98 ஆயிரம், நான்காம் வாரம் 5 லட்சத்து 19 ஆயிரம். நான்கு வாரங்களில் 36 லட்சத்துக்கு மேல். தொடர்ந்து 8 வாரங்கள் முதலிடம். 2000 டிசம்பர் முடிவில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 79 லட்சம். 2011-இல் 1 கோடிப் பிரதிகளுக்கான 'வைர'ச் சான்றிதழ்.

17 லட்சத்து 60 ஆயிரம் எவ்வளவு பெரிய எண் என்பதை அவருடைய ஊரை வைத்தே பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெட்ராய்ட் நகரில் இருந்தவர்கள் 9,51,270 பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊரில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு பிரதி வாங்கியிருந்தாலும் முதல் வாரத்தின் பாதிக் கணக்கைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். 1950-இல் கார்த் தொழிற்சாலைகள் முழுவீச்சில் ஓடிய காலத்தில் அந்த நகரத்தில் 18 லட்சத்து 49 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். பாதிப் பேர் போய்விட்ட ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு குரலுக்கு, ஊர் இழந்த கூட்டம் இரு மடங்காகக் கிடைத்தது.

அடுத்து பணம். பதிவான ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டு எழுதியவர்களுக்குச் சேர வேண்டிய சட்டபூர்வ உரிமத்தொகை, 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பாட்டுக்கு 7.55 சென்ட். ஒரே ஒரு பாட்டுக்கு, முதல் வாரப் பிரதிகளுக்கு மட்டும் கணக்கிட்டால் 1,32,880 டாலர். உணவகத்தில் பாத்திரம் கழுவிப் பெறும் குறைந்தபட்சக் கூலியில் இது 12 ஆண்டுகளுக்கு மேலான சம்பளம். இந்தத் தொகை அப்படியே ஒருவர் பைக்குப் போகாது. உடன் எழுதியவர்கள், பதிப்புரிமை நிறுவனம் என்று பங்கு பிரியும். ஒப்பந்தங்களில் விகிதமும் குறையும். அப்படிப் பிரித்தாலும் குறைத்தாலும் கூலிக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது.

வரவுப் பக்கத்தில் இன்னொரு இனத்தையும் எழுதத்தான் வேண்டும். ராப் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய கலை. வெள்ளைத் தோல் கொண்ட ஒருவர் அதில் தேர்ச்சி பெற்று வந்தபோது, அதுவரை ராப் நுழையாத வீடுகளுக்குள் அவரால் எளிதாக நுழைய முடிந்தது. தன் நிறம் விற்பனையைப் பெருக்கியது என்பதை எமினெம் மறைத்ததில்லை. 2002 ஆல்பத்தின் 'ஒயிட் அமெரிக்கா' என்ற பாட்டில் அவரே அதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். திறமை அவருடையது. கதவைத் திறந்து வைத்திருந்தது சமூகம்.

72 நிமிடம் எதற்குச் செலவானது?

ஆல்பம் உருவானது சுமார் இரண்டு மாதங்களில், சில நாட்கள் 20 மணி நேரம் வரை நீண்ட ஒலிப்பதிவுகளில். மொத்தம் 18 பகுதிகள், 72 நிமிடம். அவற்றில் 4 சிறு உரையாடல் துணுக்குகள், 14 பாட்டுகள். 'ஸ்டேன்', 'ஹூ நியூ', 'தி வே ஐ ஆம்', 'தி ரியல் ஸ்லிம் ஷேடி', 'ஐ'ம் பேக்', 'மார்ஷல் மாத்தர்ஸ்' ஆகிய 6 பாட்டுகளுக்கும் நேரடிப் பொருள் புகழ்தான். ரசிகர், பத்திரிகை, பெற்றோர், நிறுவனம், உறவுக்காரர் என்று எல்லோரும் தன்னிடம் எதையோ கேட்கிறார்கள் என்ற மூச்சுமுட்டல் இந்த ஆறிலும் இருக்கிறது.

6, 7, 8 ஆகிய மூன்று பகுதிகளைச் சேர்த்துக் கேட்டால் புகழ்த் தொழிலின் உள்வேலை புரியும். 6-ஆவது ஒரு துணுக்கு. இண்டர்ஸ்கோப் நிறுவன அதிகாரி ஸ்டீவ் பெர்மன் தானாகவே நடித்திருக்கிறார். இந்த ஆல்பத்தை என்னால் விற்க முடியாது என்று பாடகரைத் திட்டித் துரத்துகிறார். 7-ஆவது 'தி வே ஐ ஆம்'. முந்தைய வெற்றிப் பாட்டைப் போல இன்னொன்று கொடு என்று நிறுவனம் நெருக்கியபோது பிறந்த கோபம் அது. இசையையும் எமினெமே அமைத்தார். 8-ஆவது 'தி ரியல் ஸ்லிம் ஷேடி'. நிறுவனம் கேட்ட அதே வெற்றிப் பாட்டு, கடைசி நேரத்தில் சேர்ந்தது. நெருக்கடி, கோபம், பிறகு சரக்கு. பில்போர்டு பட்டியலில் கோபத்துக்குக் கிடைத்த இடம் 58. சரக்குக்குக் கிடைத்த இடம் 4. சந்தை எதை விரும்பியது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

6 நிமிடம் 44 விநாடி

ஆல்பத்தின் மூன்றாவது பகுதி 'ஸ்டேன்' என்ற பாட்டு. நீளம் 6 நிமிடம் 44 விநாடி. பாட்டுக்குள் நான்கு பகுதிகள். முதல் மூன்றும் ஸ்டேன் என்ற ரசிகன் பேசுபவை. முதலிரண்டு பகுதிகளில் அவன் கடிதம் எழுதுகிறான். தாளில் பென்சில் உரசும் ஓசை, பின்னால் மழை. அன்பாகத் தொடங்கி, பதில் வராத ஏக்கமாகி, கோபமாகிறது. மூன்றாவது பகுதியில் பென்சில் இல்லை. அவன் குடித்துவிட்டு கார் ஓட்டிக்கொண்டே கேசட்டில் பேசுகிறான். கர்ப்பிணியான துணையைக் காரின் பின்பக்கத்தில் கட்டிப் போட்டிருக்கிறான். வண்டி பாலத்திலிருந்து விழுகிறது. நான்காவது பகுதியில்தான் பாடகர் பதில் எழுத உட்காருகிறார். நிதானமாக, அக்கறையாக, உதவி தேடிக்கொள் என்று எழுதுகிறார். செய்தியில் கேட்ட ஒரு விபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது, இறந்தவன் யார் என்று அவருக்கே விளங்குகிறது. பாட்டு அங்கே நிற்கிறது.

மூன்று பங்கு ரசிகன், ஒரு பங்கு பாடகர். அந்த ஒரு பங்கும் தாமதம். புகழின் அமைப்பே இதுதான் என்று கண்டுகொண்ட ஓர் எழுத்தாளரின் வேலை இது. கணக்கும் அதையே சொல்கிறது. முதல் வாரத்தில் வாங்கிய 17 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கி ஒரு வரி பதில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 29,333 மணி நேரம் வேண்டும். உண்ணாமல் உறங்காமல் எழுதினால் 1,222 நாட்கள், அதாவது மூன்று ஆண்டு நான்கு மாதம். நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் பத்து ஆண்டுகள். இது முதல் வாரக் கூட்டத்துக்கு மட்டும். ஒவ்வொரு ரசிகருக்கும் பாடகர் ஒருவர்தான். பாடகருக்கோ ரசிகர்கள் லட்சக்கணக்கில். இந்தச் சமன்பாட்டை எந்த நல்ல மனதாலும் சரிசெய்ய முடியாது.

இந்தப் பாட்டு இன்னொருவர் கணக்கில் பெரிய வரவையும் வைத்தது. பாட்டின் நடுவே திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெண் குரல் ஆங்கிலேயப் பாடகி டைடோவுடையது. அவருடைய 'தாங்க் யூ' பாட்டிலிருந்து எடுத்தது. 1999-இல் வந்திருந்த அவருடைய 'நோ ஏஞ்சல்' ஆல்பம் 'ஸ்டேன்' வழியாகவே உலகத்தின் காதில் விழுந்தது. அது பின்னாளில் உலகம் முழுக்க 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

செலவு: நீதிமன்றக் கணக்கு

எமினெமின் பாட்டுகளை முன்வைத்து 1999 முதல் 2003 வரை நீதிமன்றம் கண்ட வழக்குகளில் நான்கு இவை:

1999 செப்டம்பர்: புகழ் தந்த முதல் ஆல்பமும் பேட்டிகளும் தன்னை இழிவுபடுத்தியதாகத் தாய் தொடுத்த வழக்கு. கேட்ட தொகை சுமார் 1 கோடி டாலர்.

2000: மணமுறிவு வழக்கு நடந்த காலத்தில், அவதூறுக்காக மனைவி தொடுத்த வழக்கு. கேட்ட தொகை 1 கோடி டாலர்.

2002: 'கில் யூ' பாட்டின் இசை தன் படைப்பிலிருந்து எடுத்தது என்று பிரெஞ்சு பியானோ கலைஞர் ஜாக் லூசியே தொடுத்த வழக்கு. கேட்ட தொகை 1 கோடி டாலர். நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு.

2003 அக்டோபரில் தள்ளுபடியானது: பள்ளிக் காலத்தில் தன்னை அடித்தவர் என்று பாட்டில் பெயர் சொல்லப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு. கேட்ட தொகை 10 லட்சம் டாலர்.

நான்கும் சேர்ந்து 3 கோடியே 10 லட்சம் டாலர். இவற்றில் மூன்றைத் தொடுத்தவர்கள் தாய், மனைவி, பள்ளியில் உடன் படித்தவர். எமினெமுக்கு யாரென்றே தெரியாத அந்நியர்களோடு நடந்த சண்டை இல்லை இது. வீட்டுக்குள் பேசித் தீர வேண்டிய மனக்கசப்பு, பாட்டாகி, லட்சம் பிரதியாகி, வழக்காகித் திரும்பி வந்தது.

தாயின் வழக்கை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கேட்டது 1 கோடி. 2001-இல் தீர்வானது 25,000 டாலர். கேட்டதில் 400-இல் ஒரு பங்கு. அதிலும் 23,354 டாலர் பழைய வழக்கறிஞரின் கட்டணத்துக்குப் போயிற்று. தாயின் கைக்கு வந்தது சுமார் 1,600 டாலர். மகனின் பழைய குறைந்தபட்சக் கூலியில் இது இரண்டு மாதச் சம்பளம்கூட ஆகாது. அந்த அற்பத் தொகைக்காக ஒரு தாயும் மகனும் உலகத்தின் முன்னால் எதிரெதிரே நின்றார்கள்.

காவல்துறைக் கணக்கு தனி. ஆல்பம் வெளியான 11-ஆம் நாளும் 12-ஆம் நாளும், 2000 ஜூன் 3, 4 தேதிகளில், டெட்ராய்ட் புறநகர்கள் இரண்டில் அடுத்தடுத்துத் தகராறு. இரண்டிலும் அவர் கையில் துப்பாக்கி இருந்தது. குண்டு நிரம்பாத துப்பாக்கி. 8 லட்சம் பிரதிகள் விற்ற இரண்டாம் வாரத்தின் சனியும் ஞாயிறும் அவை. 2001-இல் ஒரு வழக்கில் இரண்டு ஆண்டும் மற்றதில் ஓர் ஆண்டும் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்க உத்தரவாயிற்று. சிறை தப்பியது.

செலவு: பிறர் பெயரில் எழுதியது

பணத்தில் அடங்காத செலவுகள் உண்டு. ஆல்பத்தின் 16-ஆவது பகுதி 'கிம்' என்ற பாட்டு. மனைவியின் பெயரையே தலைப்பாக வைத்து, அவரைக் கொல்வதாகக் கற்பனை செய்யும் பாட்டு. 6 நிமிடத்துக்கு மேல் நீளம். இந்த ஆல்பத்துக்காக முதலில் பதிவானது இதுதான். வசைச்சொற்களை நீக்கி வெளியிட்ட தணிக்கைப் பதிப்பில் மற்றப் பாட்டுகளில் சொற்களை வெட்டினார்கள். இந்தப் பாட்டை முழுக்க எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். நிறுவனத்துக்கே இதன் எடை தெரிந்திருந்தது. 2000 ஜூலையில், ஆல்பம் முதலிடத்தில் இருந்த நாட்களில், அந்த மனைவி தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் மணமுறிவு.

தன்பாலீர்ப்பினரை வசைபாடும் சொற்களும் ஆல்பம் நெடுக இருக்கின்றன. 2001 பிப்ரவரி 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விழா நடந்த அரங்குக்கு வெளியே தன்பாலீர்ப்பினருக்காகக் குரல் கொடுக்கும் 'கிளாட்' அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உள்ளே, தன்னைத் தன்பாலீர்ப்பினர் என்று வெளிப்படையாக அறிவித்த எல்டன் ஜான், எமினெமோடு சேர்ந்து 'ஸ்டேன்' பாடினார். அன்று எமினெமுக்கு 3 விருதுகள். ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது மட்டும் 'ஸ்டீலி டேன்' குழுவுக்குப் போனது. எல்டன் ஜானின் பெருந்தன்மை உண்மையானது. இருவரும் பின்னாளில் நெருங்கிய நண்பர்களானதும் உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்து நடைபாதையில் அதே வசையைத் தினமும் கேட்ட பிள்ளைகளுக்கு அந்த மேடைத் தழுவலால் எதுவும் குறைந்திருக்காது.

இங்கேதான் என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல விரும்புகிறேன். 'ஸ்டேன்' பாட்டின் ரசிகன் செய்யும் கொடுமை எங்கிருந்து வந்தது? எமினெமின் முந்தைய ஆல்பத்தில், கொல்லப்பட்ட மனைவியின் உடலைக் காரின் பின்பெட்டியில் வைத்து ஓட்டிப்போகும் பாட்டு இருக்கிறது. ரசிகன் அதை அப்படியே செய்துகாட்டுகிறான். தன் கற்பனை வன்முறை ஒரு பலவீனமான மனத்தில் எப்படி இறங்கும் என்பதை 'ஸ்டேன்' பாட்டில் இவ்வளவு துல்லியமாகக் கணித்தவர், 'கிம்' பாட்டில் அதே வன்முறையை ஓர் உண்மையான பெண்ணின் பெயரில் முழுக் குரலில் பாடுகிறார். பதிவான வரிசையில் 'கிம்' முதலில், 'ஸ்டேன்' பின்னால். அப்படியானால் விளைவு புரிந்த பிறகும் அந்தப் பாட்டை ஆல்பத்தில் வைத்தார் என்று ஆகிறது. கலைச் சுதந்திரம் என்ற பதில் எனக்குப் போதவில்லை. பாட்டைத் தடை செய்யவும் நான் கேட்கவில்லை. அதன் விலையை யார் கட்டினார் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்கிறேன்.

அரசு போட்ட கணக்கு

2000 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், வன்முறைப் பொழுதுபோக்குகள் சிறுவர்களுக்கு எப்படி விற்கப்படுகின்றன என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரியவர்களுக்கு மட்டும் என்று எச்சரிக்கை ஒட்டிய இசைத்தட்டுகளை 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பி வாங்கச் சொல்லிச் சோதித்தார்கள். 85 சதவீதம் தடையில்லாமல் கிடைத்தது. அதே வாரம் செனட் விசாரணையில், துணை அதிபர் வேட்பாளர் ஒருவரின் மனைவியான லின் செய்னி, எமினெம் பெயரைச் சொல்லியே கண்டித்தார். அக்டோபரில் டொரன்டோ நிகழ்ச்சிக்கு வந்தவரை எல்லையிலேயே நிறுத்த வேண்டும் என்றார் ஒன்டாரியோ மாகாண அட்டர்னி ஜெனரல். ஆனாலும் நிகழ்ச்சி நடந்தது. 2001 ஜூனில் 'தி ரியல் ஸ்லிம் ஷேடி' பாட்டை, அதுவும் வெட்டித் திருத்திய பதிப்பை, ஒலிபரப்பிய கொலராடோ வானொலி நிலையம் ஒன்றுக்கு 7,000 டாலர் அபராதம். 2002 ஜனவரியில் அபராதம் ரத்து.

இவ்வளவு கூச்சலுக்கும் கடைசியில் அரசு வசூலித்த தொகை பூஜ்யம். எச்சரிக்கைச் சீட்டை நூற்றுக்கு 85 முறை மதிக்காத கடைகளை ஒழுங்குபடுத்துவதை விட, ஒரு பாடகரைக் கண்டிப்பது அரசியல்வாதிகளுக்கு எளிதாக இருந்தது.

ஒரு வீடு, 700 செங்கல்

ஆல்பத்தின் அட்டையில் டெட்ராய்ட் நகரின் டிரெஸ்டன் தெருவில் அவர் வளர்ந்த வீடு இருக்கிறது. வாசற்படியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். 13 ஆண்டுகளுக்குப் பின், 2013 நவம்பர் 5 அன்று வந்த 'மார்ஷல் மாத்தர்ஸ் எல்பி 2' அட்டையிலும் அதே வீடு. இம்முறை வாசலில் ஆளில்லை, கதவும் ஜன்னல்களும் பலகை அடித்து மூடப்பட்டிருக்கின்றன. ஆல்பம் வந்த சில நாட்களில் வீட்டில் தீப்பிடித்தது. மாதம் முடிவதற்குள் இடித்துவிட்டார்கள். 2016-இல் அந்த வீட்டின் செங்கற்களில் 700-ஐ எண் போட்டு, ஒன்று 350 டாலர் என்று விற்பனைக்கு வைத்தார்கள். மொத்தம் 2,45,000 டாலர். அந்தத் தெருவில் குறைந்தபட்சக் கூலிக்கு உழைத்த ஒருவர் 22 ஆண்டுகள் சம்பாதிக்கும் பணம், உதிர்ந்த செங்கலிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்குப் புகழால் ஏறிய மதிப்பு, குடியிருக்கப் பயன்படவில்லை.

நிலுவை

எமினெம் தன் பங்கைக் கட்டவில்லை என்று சொல்வது அநியாயம். தூக்க மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையானார். 2006 ஏப்ரலில் உற்ற நண்பரும் ராப் பாடகருமான புரூஃப் டெட்ராய்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2007 டிசம்பரில் மெத்தடோன் அளவு மீறி எமினெம் வீட்டிலேயே மயங்கி விழுந்து, மருத்துவமனையில் உயிர் பிழைத்தார். 2004 நவம்பர் ஆல்பத்துக்கும் 2009 மே ஆல்பத்துக்கும் இடையே நான்கரை ஆண்டு மௌனம். 2008 ஏப்ரல் 20 முதல் போதையை விட்டார். 2024-இல் 16 ஆண்டு நிறைவுப் பதக்கத்தை ரசிகர்களுக்குக் காட்டினார். அவருடைய எண்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த எண் இந்த 16.

தாயின் நிலுவையையும் அவர் தீர்க்க முயன்றார். 2013 ஆல்பத்தின் 'ஹெட்லைட்ஸ்' பாட்டில் தாயிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தாயைத் தாக்கி 2002-இல் எழுதிய பாட்டுக்காக வருந்துவதாகச் சொன்னார். அதன் காணொளியை 2014 அன்னையர் தினத்தில் வெளியிட்டார். வழக்குத் தொடுத்த 1999-இலிருந்து மன்னிப்பு வந்த 2013 வரை 14 ஆண்டுகள். அந்தத் தாய் 2024 டிசம்பரில் 69-ஆவது வயதில் இறந்தார். மகன் கேட்ட மன்னிப்பைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார் என்பதே இந்தக் கணக்கின் ஒரே ஆறுதல்.

தீர்ப்பு

விற்பனைச் சாதனைக்கு எடுத்தது 7 நாள். அந்தப் புகழ் கெடுத்ததைச் சீர்செய்யத் தொடங்கவே எடுத்தது 14 ஆண்டு. 'ரோலிங் ஸ்டோன்' இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் இது 2003-இல் 302-ஆம் இடத்திலும், 2020-இல் 145-ஆம் இடத்திலும் இருந்தது. மதிப்பு ஏறிக்கொண்டுதான் போகிறது. அது தகுதியான மதிப்பு என்றே நினைக்கிறேன். புகழ் என்பது என்னவென்று உள்ளிருந்து எழுதிய ஆல்பங்களில் இதற்கு இணையாக வெகு சிலவே உண்டு. தன் வலியை எண்ணும் இடத்தில் அது பெரும் படைப்பு. தன் வலிக்கான விலையை மனைவி மீதும் தாய் மீதும், முகம் தெரியாத பலவீனர்கள் மீதும் ஏற்றும் இடத்தில் அது தோற்கிறது. இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

இதைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஸ்டேன்' பாட்டையும் 'கிம்' பாட்டையும் ஒரே நாளில் கேளுங்கள். அடுத்த முறை ஓர் இளம் பாடகரின் முதல் வாரச் சாதனையைக் கொண்டாடும்போது, அந்தப் பாட்டில் யாருடைய பெயர் அவரைக் கேட்காமல் எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். பாடகரிடம் பதிலையோ நட்பையோ எதிர்பார்க்காதீர்கள். நல்ல பாட்டை மட்டும் எதிர்பாருங்கள். கொடுக்கக்கூடியது அவரிடம் அவ்வளவுதான் இருக்கிறது.